நீராவி வரும்வரை

1987ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேதாசலம் அண்ணன் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு பெரிய பெட்டியை மடியோடு கட்டிப்பிடித்தபடி என் கடை வாசலில் வந்து இறங்கினார். ஆம்பூர் பஜாரில் எனக்கு அப்போது ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை படம் தெரியவில்லை என்றால் திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலை இருக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் மூச்சு விடலாம்.

"இன்னா அண்ணே, டிவியா?"

"டிவி இல்ல பாய். அடுப்பு."

நானும் ரிக்‌ஷாக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை மேஜைமேல் வைத்தோம். மேலே போர்த்தியிருந்த லுங்கியை அண்ணன் எடுத்தார். கறுப்புக் கண்ணாடிக் கதவு, பக்கத்தில் நம்பர் பொத்தான்கள். மைக்ரோவேவ் அடுப்பை நான் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, பார்த்தது அன்றைக்குத்தான்.

"எனக்கு மூக்கு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ இதுக்கும் போய்ட்டுது" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் மூக்கு போனது விளையாட்டான விஷயம் இல்லை.

வேதாசலம் அண்ணன் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற தொழிற்சாலையில், செலக்‌ஷன் பார்த்தவர். தோலை விரித்துப் போட்டு, தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரிக்கிற வேலை. அதற்குக் கண்ணும் கையும் போதும். இவர் முகர்ந்தும் பார்ப்பார். உப்பு போட்டு வந்த ஆட்டுத்தோல் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே, "உள்ள அழுகல் இருக்குது, தனியா வைங்க" என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் இருக்கும். 1985இல் மாதனூர் பக்கம் ஒரு லாரி உரசி மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். உயிர் தப்பிவிட்டது, கைகால் தப்பிவிட்டது. வாசனை மட்டும் போய்விட்டது. தலைக்குள் அந்த நரம்பு அறுந்திருக்கிறது, ஒரு வருஷத்துக்குள் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

ரயில் ஆம்பூருக்குள் நுழையும்போதே வெளியூர்க்காரர்கள் தோல் நாற்றம் தாங்காமல் ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தில் கைக்குட்டையை வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் மூக்கு போனவரைப் பார்த்து, "உனக்கென்ன, யோகக்காரன்" என்று தெரிந்தவர்கள் கேலி பேசினார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். தலைசுற்றல் நிற்காததால் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் மனைவி சந்திரா அண்ணி ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் ஒட்டுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் சமையல் அண்ணனுடையது என்று ஆயிற்று.

ஒருநாள் ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு முன்னறையில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, பக்கத்தில் கிடந்த பிடிதுணியில் தீப்பிடித்து, எதிர்வீட்டார் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அண்ணி விடியற்காலையிலேயே மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டு, தீப்பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அண்ணன் ஆறின சோற்றைச் சாப்பிட்டார். மாலையில் களைத்து வருகிற அண்ணியும் ஆறின சோற்றையே சாப்பிட்டார்.

அண்ணியின் தம்பி அருணகிரிக்குச் சரக்குக் கப்பலில் வேலை. விஷயம் கேள்விப்பட்டு, அடுத்த லீவுக்கு வரும்போது சிங்கப்பூரிலிருந்து இந்த அடுப்பைக் கொண்டுவந்து இறக்கினான். இதில் தீ இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், சென்சார் என்று எழுதிய ஒரு பொத்தான். அரிசியோ பருப்போ, தண்ணீர் ஊற்றி மூடி உள்ளே வைத்து அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும். எத்தனை நிமிஷம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நீராவி கிளம்பியதும் அடுப்பு அதைக் கண்டுபிடித்து, இன்னும் எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று தானே கணக்குப் போட்டு, முடிந்ததும் கூவி நின்றுவிடும். பதினாலு மாதம் அண்ணன் அதில் சமைத்தார். மாலை ஆறு மணிக்கு அண்ணி வாசற்படி ஏறும்போது சோறு சூடாக இருக்கும்.

"இப்போ அந்த பட்டன அமுக்குனா ஒரு நிமிஷம் ஓடுது. அப்புறம் கத்துது. எரர்னு எழுத்து காட்டுது" என்றார். "நாமளே மணி வெச்சா ஓடுது. ஆனா மணி வெச்சா சோறு பொங்கி ஊத்துது, இல்லாட்டி வேகாம நிக்குது. சரி பண்ணிக் குடு பாய்."

எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் டிவி பார்க்கிறவனுக்கு ஒன்று தெரியும்: ப்ளக்கைப் பிடுங்கிவிட்டாலும் உள்ளே கரண்டு குடியிருக்கும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல்மூடியை எடுத்தேன். உள்ளே டப்பா மாதிரி ஒரு பெரிய கெபாசிட்டர். ரப்பர் செருப்போடு நின்று, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டிவி ட்யூபுக்கு வைத்திருந்த ரெசிஸ்டர் கட்டிய ஸ்க்ரூ டிரைவரால் அதன் கரண்டை இறக்கினேன். இன்னொரு தடவையும் இறக்கினேன். அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.

மூடியின் உட்புறம் ஒரு காகிதத்தை நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். இங்கிலீஷில் வயரிங் படம். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொன்னார். சென்சாருக்கு மூன்று கால்கள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே ரெண்டாயிரத்து நானூறு ஓம் பக்கம் இருக்க வேண்டும். ரெண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அதே அளவு. ஒன்றுக்கும் ரெண்டுக்கும் நடுவே அதைப்போல் ரெண்டு பங்கு.

"ஏன் ரெண்டு பங்கு?" என்று அண்ணன் கேட்டார்.

படத்தை உற்றுப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது. உள்ளே கடுகளவு மணிகள் ரெண்டு இருக்கின்றன. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே இருப்பதை உலர்ந்த காற்றோடு சேர்த்து அடைத்துவிட்டார்கள். இன்னொன்று பொடி ஓட்டைகள் வழியாக வெளிக்காற்றைப் பார்த்திருக்கிறது. நீராவி வந்தால் வெளியே பார்ப்பதற்கு மட்டும் அளவு மாறும். அடுப்பு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆவி வந்துவிட்டது என்று முடிவு செய்கிறது.

பின்பக்கம் ஆவி போகிற குழாயின் ஓரத்தில் அது இருந்தது. வயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். ஒன்றும் மூன்றும்: முள் எழுந்து போய்ச் சரியான இடத்தில் நின்றது. ரெண்டும் மூன்றும்: அசையவேயில்லை. ஒன்றும் ரெண்டும்: அதுவும் அசையவில்லை. ஒருவேளை வயரில் அறுப்போ என்று சென்சாரின் காலிலேயே நேராக வைத்துப் பார்த்தேன். அதே கதை.

"அடைச்சு வெச்சது நல்லா இருக்குது. வெளிய பாக்குற மணிதான் அண்ணே போய்ட்டுது."

ரெண்டு ஸ்க்ரூவைக் கழற்றி அதை வெளியே எடுத்தேன். விரல் நகம் அளவு தகர மூடி. அதன் ஓட்டைகளெல்லாம் பழுப்பாகப் பிசின் பிடித்து அடைந்து கிடந்தன. சமையல் எண்ணெயாக இருக்கும் என்று நினைத்து முகர்ந்தேன். எண்ணெய் இல்லை.

"அண்ணே, வீட்ல தினம் பிரியாணியா?"

"இன்னாத்துக்குக் கேக்குற?"

"கிராம்பு வாசனை அடிக்குது. நீலகிரித் தைலமும் அடிக்குது."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "அடிக்குதா? நெஜமாவா? ஜாஸ்தியா அடிக்குதா?" என்றார். அவர் கேட்ட விதம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. பரீட்சை முடிவைக் கேட்பவர் போலிருந்தது. என் கையிலிருந்து சென்சாரை வாங்கி மூக்கோடு ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பிறகு மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

தினமும் மத்தியானம், அண்ணி வேலைக்குப் போனபிறகு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கிராம்பைப் போட்டு அடுப்பில் வைப்பாராம். ஒருநாள் கிராம்பு, ஒருநாள் தைலம், ஒருநாள் சோம்பு. நன்றாகக் கொதிக்கவிட்டு, பின்பக்கம் ஆவி வருகிற இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாராம். பதினாலு மாதமாக.

"டாக்டர் ஒரு வருஷம்னுதான் சொன்னாரு. ஒரு வருஷம் ஆச்சுன்னு அன்னிக்கோட நிறுத்திட முடியுமா பாய்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்திராகிட்ட சொல்லிடாத. வேலைவெட்டி இல்லாம இதான் பண்ணிங்கிறேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா. கிண்ணத்தக் கழுவி வெச்சுடுவேன். அவளுக்குத் தெரியாது."

யோசிக்காமல் பேசுகிற பழக்கம் எனக்கு உண்டு. "அண்ணே, அண்ணிக்கு மூக்கு இருக்குதே" என்றேன்.

அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தார். கிண்ணத்தைக் கழுவினவருக்கு, வீடு முழுக்கத் தைல வாசனை நின்றிருக்கும் என்பது இத்தனை நாளாகத் தோன்றவேயில்லை. கொஞ்ச நேரத்தில் லுங்கியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அன்று மாலை கம்பெனி சைரன் ஊதிய பிறகு சந்திரா அண்ணி நேராகக் கடைக்கு வந்தார். மெலிந்த, நெடுநெடுவென்ற பெண்மணி. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும்.

"இன்னா சத்தார் தம்பி, பொழைக்குமா?"

"சென்சார் போய்ட்டுது அண்ணி. இங்க கெடைக்காது. மெட்ராஸ்லயும் கெடைக்குமான்னு தெரியல. உங்க தம்பிக்குத்தான் எழுதணும்."

"எதனால போச்சாம்?"

நான் மீட்டரின் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். "பழசாய்ட்டுது, அதான்."

"கிராம்புதானே?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வாசப்படி ஏறும்போதே தெரியும் தம்பி. இன்னிக்குக் கிராம்பு, நேத்து சோம்புன்னு. ஒருவாட்டி கேக்கலாம்னு வாயத் தெறந்தேன். அப்புறம் கேக்கல." கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "வாசன அடிச்சுதுன்னா அந்த மனுஷன் இன்னும் விடலன்னு அர்த்தம். என்னிக்கு அடிக்கலையோ அன்னிக்குதான் நான் பயப்படணும். கேட்டா வெக்கப்பட்டு நிறுத்திடுவாரு. அதனால கேக்கல."

தனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். காலையில்தான் நான் உளறிவைத்திருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

மணி வைத்தாவது ஓட்டட்டும் என்று அடுப்பை மூடி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கே அருணகிரிக்கு நான் கடிதம் எழுதினேன். சென்சாரின் மேல் பொறித்திருந்த எழுத்தையும் நம்பரையும் ரெண்டு தடவை எழுதி, பக்கத்தில் படமும் வரைந்தேன். கப்பல் எங்கே இருக்கிறதோ, கடிதம் எந்தத் துறைமுகத்தில் அவனைப் பிடிக்குமோ தெரியாது. ஐப்பசி பிறந்த பிறகுதான் பதில் வந்தது. சாமான் கிடைத்துவிட்டது, கூட வேலை செய்கிற ஒரு கேரளக்காரர் லீவில் ஊருக்குப் போகிறார், மெட்ராஸிலிருந்து போகும்போது காட்பாடியில் வண்டி நிற்கும், ஜன்னலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தேதியும் பெட்டி நம்பரும் எழுதியிருந்தான்.

நானும் வேதாசலம் அண்ணனும் பஸ் பிடித்துக் காட்பாடி போனோம். வண்டி ஒன்றரை மணி நேரம் லேட். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. இந்த மூன்று மாதமும் அவர் மணி வைத்து வைத்து, சோற்றைப் பொங்கவிட்டும் வேகாமல் இறக்கியும் சலித்துப் போயிருந்தார். கிராம்பு வைப்பதையும் விட்டுவிட்டார் என்று பேச்சினூடே தெரிந்தது. நான்தான் அதற்குக் காரணம் என்று எனக்கு உறுத்தல்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. இன்னா வாசனைக்காக இவ்ளோ பாடுபட்டீங்க? பழையபடி செலக்‌ஷனுக்குப் போகவா?"

"அதெல்லாம் கையே சொல்லிடும் பாய்" என்றார். டீ கிளாஸை ரெண்டு கைக்கும் நடுவே உருட்டினார். "கல்யாணம் ஆனப்போ சந்திரா மேல சீயக்கா வாசன அடிக்கும். கண்ண மூடினா இப்பவும் ஞாபகம் வருது. நான் விழுந்த அப்புறம்தான் அவ கம்பெனிக்குப் போனா. அங்க தோல ஒட்டறதுக்கு சொல்யூஷன் தடவுறாங்களே, அந்த வாசன அவ புடவையில, தலையில எல்லாம் ஏறிப்போச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க. அவளும் சோப்பப் போட்டுத் தேய்க்கிறா. எனக்கு ஒண்ணும் தெரியல. என் பொண்டாட்டி இப்போ இன்னா வாசனன்னு ஊருக்கே தெரியுது. எனக்குத் தெரியல."

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  நல்லவேளையாக வண்டி வந்தது. கேரளக்காரர் கதவிலேயே நின்றிருந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றை நீட்டினார். அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் சிறிய அட்டைப்பெட்டி. அண்ணன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழை படாமல் நெஞ்சில் கையை அணைத்தபடி ஊர் வரை வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலேயே வேலையை வைத்துக்கொண்டேன். புதுச் சென்சாரை மாட்டுவதற்கு முன் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் மூன்றும் சரி. ரெண்டும் மூன்றும் சரி. ஒன்றும் ரெண்டும் சரியாக ரெண்டு பங்கு. குழாயை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஸ்க்ரூவை முடுக்கி, வயரைச் செருகி, மூடியை மாட்டினேன்.

"ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி குடுங்க அண்ணி."

தண்ணீரை வைத்து அண்ணனையே பொத்தானை அழுத்தச் சொன்னேன். முதல் கால் நிமிஷம் வெறும் காற்றை ஊதி, ரூமில் இருக்கிற ஈரத்தை அது தெரிந்துகொண்டது. ஒரு நிமிஷம் போயிற்று. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் கத்தும். கத்தவில்லை. ரெண்டு நிமிஷம். டம்ளரிலிருந்து ஆவி எழுந்து கண்ணாடிக் கதவு லேசாக மங்கியது. சட்டென்று ஒரு சின்னக் கூவல். எழுத்து மறைந்து, மிச்சம் இத்தனை விநாடி என்று நம்பர் வந்து குறைய ஆரம்பித்தது.

"கண்டுபிடிச்சுடுச்சு!" என்று அண்ணன் என் முதுகில் ஒன்று வைத்தார்.

வேலை முடிந்தது. ஒன்று மட்டும் பாக்கி. அதைச் சொல்லாமல் போனால் ரிப்பேர் செய்ததற்கே அர்த்தமில்லை. ரெண்டு பேர் முகத்தையும் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். "இதுல இனிமே கிராம்பு, தைலமெல்லாம் கொதிக்க வைக்கக்கூடாது. வெச்சா இதுவும் போய்டும்."

 அண்ணன் டம்ளரை எடுத்து ஆறவைப்பது போல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டவ்வுல வெச்சுக்கலாம்" என்றார் அண்ணி. "ஞாயித்துக்கெழம நான் வீட்லதானே இருக்கேன். நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு மொதல்லேர்ந்தே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "சந்திரா, அந்த சொல்யூஷன் வாசன எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

அண்ணி முதலில் சிரித்தார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் முந்தானையை எடுத்து முகர்ந்தார். யோசித்து யோசித்துச் சொன்னார். "பெட்ரோல் மாதிரி இருக்கும். பெட்ரோலவிடக் கொஞ்சம் இனிப்பு. புதுசா பிரிச்ச பலூன் இருக்குது பாருங்க, அதுவும் கலந்தாப்புல. தலைமுடியில இருக்கறது வேற மாதிரி, அது லேசா காரமா இருக்கும். காலைல கம்மியா இருக்கும், சாயங்காலம் ஜாஸ்தி."

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் சாமான்களைப் பைக்குள் போடுகிற சாக்கில் வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் அந்த அடுப்பில் வைத்த சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் நானும் அங்கேயே சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கம்மி. யாரும் சொல்லவில்லை.

வேதாசலம் அண்ணனுக்கு வாசனை திரும்ப வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டவ் பக்கத்தில் ரெண்டு பேரும் உட்காருவார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். கிண்ணத்தில் இருப்பதை அண்ணி சொல்ல மாட்டாராம், அண்ணன் ஊகிக்க வேண்டுமாம். ஒருதடவை சோம்பைச் சோம்பு என்றே சொல்லிவிட்டார் என்று அண்ணி கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னார். குருட்டாம்போக்கில் சொன்னதாக அண்ணன் பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் தலைசுற்றல் குறைந்து தோல் ஷாப்புக்கே திரும்பப் போனார். கண்ணையும் கையையும் வைத்துக்கொண்டு செலக்‌ஷன் பார்த்தார். பச்சைத் தோல் கட்டு வந்தால் மட்டும் பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு, "எப்படி இருக்குது, மோந்து பாத்துச் சொல்லு" என்பாராம்.

அதற்குப் பிறகு வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் அந்த மாதிரி அடுப்புகள் நிறைய வந்தன. வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தனையோ சென்சாரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், மாற்றினேன். எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கினாலும் கரப்பான்பூச்சியாலும் போனவை. ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் பழக்கத்தில் ஒருதடவை முகர்ந்து பார்ப்பேன். கடைக்கு வந்தவர்கள், "இன்னா பாய், மூக்குல வெச்சுப் பாக்குறே?" என்று கேட்பார்கள். சும்மா என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.